‘மே நொட்’ என்றால் கூடாது: சட்டதிட்டங்களைப் பற்றிப் பேச உதவும் ஆங்கிலச் சொற்கள்

தென்மராட்சியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட உதவியாளர் வேலைக்கு நேர்முகம் போனேன். ரூலுக்கும் ரெகுலேஷனுக்கும் என்ன வித்தியாசம், எங்கள் பொலிசியை ஊழியர் ஒருவர் மீறினால் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் சட்டம், விதி என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டாம் நேர்முகத்துக்கு மூன்று கிழமை இருக்கிறது. இந்தச் சொற்களை எப்படிப் படிப்பது?”

தங்கச்சி, நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட யாழ்ப்பாணத்து அரச அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சுற்றறிக்கை, வர்த்தமானி, காணி உறுதி, குத்தகை ஒப்பந்தம் என்று என் கையால் போனவை ஏராளம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்தச் சொற்களை அகராதி வரிசையில் பாடமாக்க வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் காணும்போது “இதை ஆக்கியது யார்?” என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அதோடு தீர்ந்துவிடும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அதைப் பாராளுமன்றம் சொல்லவில்லை, கோயில் சொல்கிறது. அது ரூல். உடுப்பைப் பற்றிய ரூல் என்றபடியால் டிரெஸ் கோட் என்றும் சொல்லலாம். திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். அதற்குப் பின்னால் மாநகர சபையும் பொலிஸும் நிற்கின்றன. அங்கே ரெஸ்ட்ரிக்ஷன், ரோட் குளோஷர் என்ற சொற்கள் வரும். கோயிலடியில் நின்று ஒருவன் இன்னொருவனுக்கு அடித்தால் அது லோவின் வேலை, குற்றவியல் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஒரே இடம், மூன்று அதிகாரம், மூன்று சொல்.

ரூல் என்பதை யாரும் ஆக்கலாம். வீட்டில் அம்மா, பள்ளிக்கூடத்தில் அதிபர், விளையாட்டில் சங்கம், விடுதியில் பொறுப்பாளர், எல்லாரிடமும் ரூல் இருக்கும். ரெகுலேஷன் அப்படி இல்லை. ஒரு சட்டம் கொடுத்த அதிகாரத்தின் கீழ்தான் அது பிறக்கும். எங்கள் நாட்டில் பெரும்பாலும் அமைச்சர் ஆக்குவார், வர்த்தமானியில் வரும், தமிழில் ஒழுங்குவிதி என்பார்கள். உள்ளூராட்சி சபை தன் எல்லைக்குள் ஆக்குவது பைலோ, எங்களுக்கு உபவிதி அல்லது துணைவிதி. மேல் அலுவலகம் கீழ் அலுவலகங்களுக்கு அனுப்புவது சேர்குலர். ஒரு நிறுவனம் “நாங்கள் இப்படித்தான் நடப்போம்” என்று முடிவெடுத்து எழுதி வைப்பது பொலிசி. அதை மீறினால் வேலை போகலாம், ஆனால் பொலிசியை மீறியது மட்டும் மறியலுக்குக் காரணமாகாது. உங்கள் நேர்முகத்தில் அவர்கள் எதிர்பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆக்ட், ஓடினன்ஸ் என்ற இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் ஒரு சட்டத்தின் பெயரைப் பார்த்தே அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையையே எடுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1706 முதல் 1707 வரை, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை, அதாவது ஒல்லாந்த நிர்வாக அதிகாரி, அதைத் தொகுத்து எழுதினார். பிறகு வந்த ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தது 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ரெகுலேஷன் மூலம். அந்த நாளில் ரெகுலேஷன் என்றால் சட்டமேதான். 1833இல் சட்டவாக்க சபை வந்த பிறகு ஆக்கியவை ஓடினன்ஸ், தமிழில் கட்டளைச் சட்டம். பாராளுமன்றம் வந்த பிறகு ஆக்ட். 1972 முதல் 1978 வரை தேசிய அரசுப் பேரவை இருந்த காலத்தில் ஆக்கியவற்றின் பெயரில் மட்டும் லோ என்றே இருக்கும். நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கான 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் அப்படி ஒன்று. 1978 அரசியலமைப்போடு மறுபடி ஆக்ட். மாகாண சபை ஆக்குவது ஸ்டட்யூட், அதற்கு நியதிச்சட்டம் என்று பெயர். தமிழில் ஆக்டையும் லோவையும் சட்டம் என்றே எழுதுகிறோம். அதனால் தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ஆண்டைப் பார்க்காமல் ஆக்ட் என்று போட்டால் பிழைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ஓடினன்ஸை அவசரச் சட்டம் என்று எழுதுவார்கள். இந்தியாவில் பாராளுமன்றம் கூடாத நேரத்தில் தற்காலிகமாகப் பிறப்பிப்பது அது. எங்கள் ஓடினன்ஸ் நூறு வருடம் கடந்தும் உயிரோடு இருக்கும் முழுச் சட்டம். தண்டனைச் சட்டக்கோவையே 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க ஓடினன்ஸ்தான். இந்திய நூல்களை வைத்துப் படிப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள்.

உள் பகுதிகளுக்கும் பெயர் வேறு வேறு. அரசியலமைப்புக்கு ஆர்ட்டிகிள், ஆக்டுக்கு செக்ஷன், ஒப்பந்தத்துக்கு க்ளோஸ். சட்டம் எதற்காவது ஏற்பாடு செய்திருந்தால் அந்த ஏற்பாடு புரொவிஷன். புரொவிஷன் என்ற சொல்லை எங்கள் தலைமுறை புத்தகத்தில் இருந்து படிக்கவில்லை. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘டெம்பரரி புரொவிஷன்ஸ்’ என்று இருக்கிறது, தற்காலிக ஏற்பாடுகள். மூன்று வருடத்துக்கு என்று வந்தது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. கர்ஃபியூ, எமர்ஜென்சி ரெகுலேஷன்ஸ், பாஸ், கிளியரன்ஸ் எல்லாம் அந்த வருடங்களில் ஆங்கிலம் தெரியாத அம்மம்மாமாரின் வாயிலும் இருந்தன. கர்ஃபியூவை போட்டால் இம்போஸ், எடுத்தால் லிஃப்ட். தடை என்ற பொருள் வரும் பான் என்ற சொல்லுக்கும் இதே இரண்டு வினைகள்தான்: இம்போஸ் அ பான், லிஃப்ட் அ பான். ‘ரிமூவ்’ என்று சொன்னாலும் விளங்கும், ஆனால் லிஃப்ட்தான் இயல்பாக விழும்.

சரி, இனிப் பெயர்ச்சொற்களை விடுவோம். ஆட்களை விழுத்துவது மஸ்ட், ஷுட், ஷல், மே என்ற சின்னச் சொற்கள்தான்.

தமிழில் ‘வேண்டும்’ என்ற ஒரு சொல் மஸ்ட், ஹேவ் டு, ஷுட், நீட் டு நான்குக்கும் நின்று பிடிக்கிறது. ‘வேண்டாம்’ இன்னும் சிக்கல். “நாளைக்கு நீங்கள் வர வேண்டாம்” என்றால் வரக் கூடாது என்றும் எடுக்கலாம், வரத் தேவையில்லை, வந்தாலும் பரவாயில்லை என்றும் எடுக்கலாம். சொல்பவரின் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இந்த இரண்டும் எதிரெதிர் வேலிக்குள் இருக்கின்றன. ‘யூ மஸ்ட் நொட் கம்’ என்றால் தடை. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் கட்டாயம் இல்லை. எங்கள் பிள்ளைகள் “கட்டணம் கட்டத் தேவையில்லை” என்பதை ‘யூ மஸ்ட் நொட் பே’ என்று சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது “கட்டக் கூடாது” என்று போய்விடும்.

ஷுட் என்பது புத்திமதி அளவில் நிற்பது. “ஹெல்மெட் போட வேண்டும்” என்பது சட்டம், ஆகவே ‘யூ மஸ்ட் வெயர் அ ஹெல்மெட்’ அல்லது ‘யூ ஹேவ் டு’. “தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்” என்பது புத்திமதி, ஆகவே ‘யூ ஷுட்’. மஸ்டுக்கும் ஹேவ் டுவுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு உண்டு. சொல்பவரே கட்டாயப்படுத்தும்போது மஸ்ட் வரும், வேறொருவர் போட்ட விதியை எடுத்துச் சொல்லும்போது ஹேவ் டு வரும். பேச்சில் அநேகமாக ஹேவ் டு போதும். கடந்த காலத்துக்குப் போனால் மஸ்ட் கூட வராது, ‘ஹேட் டு’ மட்டும்தான்.

ஷல் எழுத்துச் சட்டத்தின் சொல். ‘த கமிஷன் ஷல் கன்சிஸ்ட் ஒஃப் ஃபைவ் பேர்சன்ஸ்’ என்றால் “கொண்டிருக்கும்” என்று எதிர்காலம் பேசவில்லை, “கொண்டிருத்தல் வேண்டும்” என்று கட்டளையிடுகிறது. நேர்முகத்தில் ஷல் பாவித்துப் பேசத் தேவையில்லை, வாசிக்கும்போது கட்டளை என்று தெரிந்தால் காணும்.

மே நொட் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு சுற்றறிக்கை மொழிபெயர்க்க வந்தது. அதில் ஒரு கொடுப்பனவைப் பற்றி, ‘மே நொட் பி பெய்ட் டு காஷுவல் எம்ப்ளோயீஸ்’ என்று ஒரு வரி. மே என்றால் ‘லாம்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தபடி, “அமைய ஊழியர்களுக்கு வழங்கப்படாமலும் விடலாம்” என்று எழுதினேன். மேற்பார்த்தவரும் விட்டுவிட்டார். விடலாம் என்றால் கொடுக்கவும் செய்யலாம்தானே என்று ஓர் அலுவலகத்தில் ஆறு பேருக்கு அந்தக் கொடுப்பனவைக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் கணக்காய்வில் கேள்வி வந்தது. கொடுத்த காசை அந்த ஆறு பேரின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டினார்கள். அதில் ஒருவர் இரவுக் காவலாளி, மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். என்னிடம் வந்து, “ஏன் பிள்ளை, முதலே கூடாது என்று போட்டிருந்தால் நான் வாங்கியிருக்கமாட்டேனே” என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அவர் கேட்ட விதம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

விதி எழுதும் ஆங்கிலத்தில் மே என்றால் அனுமதி, மே நொட் என்றால் அனுமதி இல்லை, அதாவது கூடாது. ‘இட் மே நொட் ரெய்ன்’ என்று மழையைப் பற்றிப் பேசும்போதுதான் “பெய்யாமல் விடலாம்”. விதியில் ‘ஸ்டூடன்ட்ஸ் மே நொட் லீவ் த ஹோல்’ என்று கண்டால் மண்டபத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று எடுங்கள்.

பேச்சுக்கு எனக்குப் பிடித்தது ‘சப்போஸ்ட் டு’. விதி இருக்கிறது, நடைமுறை வேறாக இருக்கிறது என்று யாரையும் குற்றம் சாட்டாமல் சொல்ல இதைவிட நல்ல சொல் இல்லை. குறிகட்டுவானில் நயினாதீவுப் படகு ஏறியதும் உயிர்காப்பு அங்கி தருவார்கள், சிலர் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் வெளிநாட்டுப் பயணியிடம் ‘வீ ஆர் சப்போஸ்ட் டு வெயர் தீஸ்’ என்று சொல்லலாம். மஸ்ட் என்று சொன்னால் கட்டளை போடுவதுபோல் இருக்கும். நீங்கள் அனுமதி கேட்கும் பக்கம் என்றால் ‘ஆர் வீ அலவ்ட் டு…’ என்று தொடங்குங்கள். கீரிமலையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேணி வேறு வேறு. அதை விளக்க ‘மென் ஆர் நொட் அலவ்ட் இன் த விமன்ஸ் டேங்க்’ என்றால் போதும், ப்ரொஹிபிட்டெட் என்ற கனமான சொல் தேவையில்லை. ப்ரொஹிபிட்டெட் பலகையில் எழுதுவதற்கு, அலவ்ட் வாயால் சொல்வதற்கு.

பெயர்ச்சொல்லை எப்போதும் அதன் வினையோடும் ஒட்டுச்சொல்லோடும் சேர்த்துப் படியுங்கள். தனியாகப் படித்த சொல் பேசும்போது வாய்க்கு வராது. ஃபொலோ, ஒபே இரண்டும் நேரே ரூலைப் பிடிக்கும்: ஃபொலோ த ரூல்ஸ், ஒபே த லோ. கம்ப்ளைக்கு ‘வித்’ வேண்டும், எங்கள் அலுவலகக் கடிதங்களில் நான் அதிகம் திருத்திய பிழை ‘கம்ப்ளை டு’ தான். அபைடுக்கு ‘பை’, அட்ஹியருக்கு ‘டு’. ஒப்சேர்வ் என்ற சொல்லைப் பார்த்தல், அவதானித்தல் என்று மட்டும் படித்திருப்பீர்கள், ஆனால் விதியையும் விரதத்தையும் மௌன அஞ்சலியையும் கடைப்பிடிப்பதற்கும் அதுதான். பேசும்போது ஃபொலோ, கடிதத்தில் கம்ப்ளை வித், இந்த இரண்டோடு உங்கள் வேலை ஓடும்.

மீறுவதற்கு ப்ரேக் எங்கேயும் செல்லும். வயலேட் பாரமானது, சட்டத்துக்கும் மனித உரிமைக்கும் வரும். ப்ரீச் ஒப்பந்தத்துக்கும் பொலிசிக்கும் நடத்தைக் கோவைக்கும் வரும், பெயர்ச்சொல்லாகவும் நிற்கும்: ப்ரீச் ஒஃப் கொன்ட்ராக்ட். இன்ஃப்ரிஞ்ச் என்பது இன்னொருவரின் உரிமைக்குள் கால் வைப்பது, பதிப்புரிமைக்கு அதிகம் கேட்பீர்கள். கொன்ட்ரவீன் சட்ட நூலோடு இருக்கட்டும்.

என்ஃபோர்ஸ், இம்ப்ளிமென்ட் இரண்டையும் நாங்கள் “நடைமுறைப்படுத்தல்” என்று ஒரே சாக்கில் போடுகிறோம். ஒரு திட்டத்தைச் செயலுக்குக் கொண்டுவருவது இம்ப்ளிமென்ட். ஆட்கள் விதியை மதிக்கிறார்களா என்று பார்த்து, மதிக்காதவனைப் பிடிப்பது என்ஃபோர்ஸ். வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நட்டது முதலாவது, ஏ9 வீதியில் பொலிஸ் நின்று மறிப்பது இரண்டாவது. மறித்தால் கிடைப்பது ஃபைன், அதாவது தண்டப்பணம், அந்த இடத்திலேயே எழுதினால் ஸ்பொட் ஃபைன். செய்த குற்றம் ஒஃபென்ஸ். அதற்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை எதுவாக இருந்தாலும் பெனால்டி, ஃபைன் அதில் ஒரு வகை.

சட்டத்தைத் திருத்தினால் அமெண்ட், நீக்கினால் ரிபீல். உத்தரவையோ அனுமதிப்பத்திரத்தையோ மீளப் பெற்றால் ரிவோக். விதியை இளக்கினால் ரிலாக்ஸ். ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் ‘எக்செம்ப்ட் ஃப்ரொம்’. அறவிட வேண்டியதை அறவிடாமல் விட்டால் வேவ், ‘த ஃபீ வாஸ் வேவ்ட்’ என்பது பல்கலைக்கழக விண்ணப்பங்களில் வரும்.

பெர்மிஷன், அப்ரூவல், கன்சென்ட் மூன்றையும் குழப்ப வேண்டாம். எனக்கு மேலே இருப்பவர் தருவது பெர்மிஷன். நான் வைத்த ஒரு திட்டத்தையோ வரைபடத்தையோ பார்த்து ஏற்பது அப்ரூவல், வீடு கட்ட வரைபடம் கொடுத்தால் கிடைப்பது அது. விடயத்தால் பாதிக்கப்படக் கூடியவர் “எனக்குச் சம்மதம்” என்று தருவது கன்சென்ட். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். ஆங்கிலத்தில் அங்கே இருப்பது கன்சென்ட். சீதனமாகத் தன் பெயருக்கு வந்த காணிக்கும் கணவனின் கையெழுத்துத் தேட வேண்டியிருந்த பெண்களின் உறுதிகளை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் அதைப் பெர்மிஷன் போலத்தான் நடத்தினார்கள். அந்த விதி மாற வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மாறும் நாள் வந்தால் அமெண்ட், ரிபீல் என்ற சொற்கள் எங்களுக்குச் சொந்தமாக வேண்டிவரும்.

தோற்றத்தால் ஏமாற்றும் சொற்கள் சில உண்டு. சாங்க்ஷன் என்பதை எங்கள் பழைய அலுவலகங்களில் அனுமதி என்ற பொருளில் பாவித்தார்கள், “லோன் சாங்க்ஷன் ஆகிவிட்டது” என்று இன்றும் சொல்கிறோம். செய்தியில் ஒரு நாட்டின் மீது சாங்க்ஷன்ஸ் என்றால் தண்டிக்கும் தடை. இரண்டும் சரியான பொருள்தான், சுற்றியுள்ள சொற்களைப் பார்த்து எடுக்க வேண்டும். ஓவர்சைட் என்றால் மேற்பார்வை, ‘ஆன் ஓவர்சைட்’ என்றால் கவனப்பிழை. ப்ரிஸ்க்ரைப், ப்ரொஸ்க்ரைப் இரண்டுக்கும் நடுவே ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம். முதலாவது விதித்தல், விண்ணப்பங்களில் ‘ப்ரிஸ்க்ரைப்ட் ஃபோம்’ என்று காண்பீர்கள். இரண்டாவது தடைசெய்தல், ‘ப்ரொஸ்க்ரைப்ட் ஓர்கனைசேஷன்’ என்றால் தடைசெய்யப்பட்ட அமைப்பு. எழுதும்போது இந்த ஓர் எழுத்தை இரண்டு முறை பாருங்கள். ப்ரிஸ்க்ரிப்ஷன் என்பதற்கும் மருந்துத் துண்டு தவிர இன்னொரு பொருள் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ப்ரிஸ்க்ரிப்ஷன் ஓடினன்ஸ்படி, தனியார் காணி ஒன்றை உரிமையாளருக்கு எதிராக, இடையறாமல் பத்து வருடம் அனுபவித்து வந்தவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். வெளிநாட்டில் இருந்து வந்து தன் வளவில் வேறு ஆட்கள் குடியிருக்கக் காணும் எங்கள் சனம் சட்டத்தரணியின் வாயிலிருந்து முதலில் கேட்கும் சொல் அதுதான்.

பெர்மிட் பெயராக வந்தால் அழுத்தம் முதல் அசையில், வினையாக வந்தால் இரண்டாம் அசையில். லைசன்ஸ் பிரித்தானிய எழுத்தில் பெயர் என்றால் கடைசி ‘ஈ’க்கு முன்னால் ‘சி’, வினை என்றால் ‘எஸ்’. எங்கள் நாட்டில் இந்த முறைதான். லெஜிஸ்லேஷன் என்பதற்குப் பன்மை இல்லை, ‘எஸ்’ போட வேண்டாம்.

மரபுத்தொடர்களில் மூன்று நான்கு போதும். விதியைப் புத்தகத்தில் உள்ளபடியே செய்பவர் ‘பை த புக்’ ஆள். ஒருவருக்காகக் கொஞ்சம் வளைத்தால் ‘பெண்ட் த ரூல்ஸ்’. தேவையில்லாத அலுவலக இழுபறி ‘ரெட் டேப்’, ஆங்கிலேயரின் அரச கோவைகளைச் சிவப்பு நாடாவால் கட்டிய வழக்கத்தில் இருந்து வந்தது. லூப்ஹோல் என்பது கோட்டை மதிலில் உள்ளிருந்து அம்பும் துப்பாக்கியும் விட வைத்த ஒடுங்கிய துவாரம். சட்டத்தில் தப்பிப் போகும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. நாங்களும் சட்டத்தில் ஓட்டை என்றுதான் சொல்கிறோம்.

இனிப் பயிற்சி. தகவல் அறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்று மொழியிலும் இருக்கிறது, வசனங்கள் சுருக்கமானவை. மூன்றாம் பிரிவு ‘சப்ஜெக்ட் டு த புரொவிஷன்ஸ் ஒஃப் செக்ஷன் ஃபைவ்’ என்று தொடங்கி ‘எவ்ரி சிட்டிசன் ஷல் ஹேவ் அ ரைட் ஒஃப் அக்செஸ் டு இன்ஃபர்மேஷன்’ என்று போகிறது. ஒவ்வொரு பிரசைக்கும் தகவல் பெறும் உரிமை உண்டு, ஆனால் ஐந்தாம் பிரிவு சொல்லும் விலக்குகளுக்கு உட்பட்டு. சப்ஜெக்ட் டு என்று கண்ட இடத்தில், அடுத்து வரும் பிரிவு பெரியவர், இது அவருக்கு அடங்கியது என்று எடுங்கள். நான்காம் பிரிவில் ‘நொட்வித்ஸ்டாண்டிங்’ வருகிறது. வேறு எழுத்துச் சட்டத்தில் எதிராக என்ன இருந்தாலும் இந்தச் சட்டம் செல்லும் என்கிறது. அங்கே இது பெரியவர். அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளில் எதிரெதிரான இரண்டு சொற்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு பிரிவை வாய்விட்டு வாசித்து, முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுங்கள், பிறகு தமிழைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ‘வித்இன்’ வரும் இடங்களையும் கவனியுங்கள். விண்ணப்பம் கிடைத்ததில் இருந்து பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. ‘ஆஃப்டர்’ என்று நினைத்தால் பொருள் தலைகீழ். வேலை நாள் என்பதில் சனி, ஞாயிறு சேராது.

உங்களிடம் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஊழியர் பொலிசியை மீறினால் என்ன செய்வீர்கள்? ‘ஐ வுட் ஃபர்ஸ்ட் செக் விச் பார்ட் ஒஃப் த பொலிசி வாஸ் ப்ரீச்ட், அண்ட் லிசன் டு த பேர்சன்’ என்று தொடங்குங்கள். எந்தப் பகுதி மீறப்பட்டது என்று பார்ப்பேன், அவர் சொல்வதைக் கேட்பேன். பிறகு ‘ஐ வுட் ரிப்போர்ட் இட் டு மை சூப்பர்வைசர் இன் அக்கோர்டன்ஸ் வித் த ப்ரொசீஜர்’. நடைமுறைப்படி மேலாளருக்கு அறிவிப்பேன். திட்ட உதவியாளருக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை, அதனால் ‘பனிஷ்’ என்ற சொல்லைத் தொட வேண்டாம். இந்த இரண்டு வசனத்தையும் அப்படியே பாடமாக்காமல், உங்கள் வாய்க்கு வரும் சொற்களால் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

வேலை கிடைத்து நியமனக் கடிதம் கையில் வந்தால், கையெழுத்து வைக்க முன்னர் அதில் சப்ஜெக்ட் டு, ப்ரொவைடட் தட் (‘என்ற நிபந்தனையோடு’ என்று பொருள்), மே நொட் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். ஏதாவது வரி விளங்காவிட்டால் அந்த வரியை எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.